குரங்கு என்று எழுதிய குடுவை

அந்த ஆய்வகத்தில் யாரும் யாரையும் நம்புவதில்லை, வேலையே அதுதான். ஒருவர் எண்ணியதை இன்னொருவர் எண்ணிப் பார்ப்பார். எண்ணிப் பார்த்தவர் சரியாகத்தான் எண்ணினாரா என்று மூன்றாமவர் புருவத்தைத் தூக்குவார். ஆனால் இருபத்திரண்டு வருடமாக ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள்: நீல நாடாவில், வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்தில், கைராசி எழுதி ஒட்டும் லேபிள்.

கைராசி என்பது அவளுடைய பெயரல்ல. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. உடம்பிலிருந்து எடுத்த செல்களைத் தட்டையான பிளாஸ்டிக் குடுவைகளில் போட்டு, ரோஜா நிற மீடியம் என்கிற ஊட்டநீரை ஊற்றி, உடம்புச் சூட்டிலேயே இன்குபேட்டரில் வைத்து உயிரோடு காப்பாற்றுவது அவள் வேலை. மற்றவர்கள் வளர்த்தால் மூன்றாம் நாள் மீடியம் கலங்கும், ஐந்தாம் நாள் பூஞ்சை பூக்கும். அவள் கை பட்டால் பிழைத்துக்கொள்ளும். இதில் ராசி எதுவும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். கையை இரண்டு தடவை கழுவுவாள், ஹூட் என்கிற காற்று வடிகட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் கை வைத்தபின் வாயைத் திறக்கமாட்டாள், செல்போனைத் தொட்ட கையுறையோடு குடுவையைத் தொடமாட்டாள். இதையெல்லாம் எல்லோரிடமும் சொல்லியும் பார்த்தாள். ராசி என்று வைத்துக்கொள்வதுதான் அவர்களுக்குச் சௌகரியமாக இருந்தது. ராசி இல்லாதவர்கள் இரண்டு தடவை கை கழுவ வேண்டியதில்லை அல்லவா?

பிள்ளை இல்லாத குறைக்குச் செல் வளர்க்கிறாள் என்று யாராவது முடிவு கட்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும்: அவளுக்கு இரண்டு மகன்கள். இருவரும் வெளியூரில் வேலை பார்க்கிறார்கள், ஆளுக்கு ஒரு தொப்பை வளர்த்திருக்கிறார்கள். மூத்தவன் அரிசிக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்று கேட்க மட்டும் போன் செய்வான். ஒவ்வொரு முறையும் மறந்துவிடுவான். இளையவன் அதுகூடக் கேட்பதில்லை, அவன் கடையில் சாப்பிடுகிறான்.

ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை மேடம் ஒரு பட்டியலை நீட்டினார். மேடம் என்றால் ஆய்வகத்தின் தலைவர், ஒல்லியான உருவம், வேகமான நடை, "சரி, அடுத்தது?" என்பது அவருக்கு மூச்சு விடுவது போல.

"இந்த ஏழு வகையும் இனிமே வேண்டாம்மா. இன்குபேட்டர்ல இடம் இல்ல. பிளீச் ஊத்திக் கொட்டிட்டு, பதிவேட்டுல கையெழுத்துப் போட்டுடுங்க. சரி, அடுத்தது?"

ஆறு வகையைக் கொட்டினாள். ஏழாவது நுரையீரல் செல்.

அது வந்து சேர்ந்த கதை கொஞ்சம் நீளம். குளிர் போன பெட்டியில், பாதி செத்து வந்தது. கூட வந்த சீட்டில் மூன்றே சொற்கள்: பெண், நாற்பத்தொன்று, நுரையீரல். குடுவையில் விட்டபோது பெரும்பாலானவை மிதந்தன. மிதந்தால் போய்விட்டது என்று அர்த்தம். அடியில் ஒட்டிக்கொண்ட சொற்பமும் ஆளுக்கொரு மூலையில், கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. பெருகவும் இல்லை, சாகவும் இல்லை. "விட்டுடுங்கக்கா, தேறாது" என்றார்கள். ஏழு வாரம் விடவில்லை. எட்டாம் வாரம் ஒரு காலையில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது ஒன்று கையை நீட்டி இன்னொன்றைத் தொட்டிருந்தது. முகக்கவசத்துக்குள் அவள் சிரித்தது யாருக்கும் தெரியாது.

அதனால்தான் கொட்டவில்லை என்று சொன்னால் அவளே ஒப்புக்கொள்ளமாட்டாள். ஆயிரக்கணக்கான குடுவைகளைக் கொட்டியவள். பாதிக்குப் பாதி அது பிடிவாதம். மீதி அந்த நாற்பத்தொன்று. அந்தப் பெண் யாரோ, எங்கேயோ. அவளுடைய மற்றதெல்லாம் எப்போதோ முடிந்திருக்கலாம். முடியாமல் இருப்பது இந்தத் துளி ஒன்றுதான். அதை முடித்து வைக்கிற வேலை நம்முடையதுதானா என்று பிளீச் பாட்டிலைத் திறந்தபோது தோன்றியது. தோன்றியதும் மூடிவிட்டாள்.

இரண்டு குடுவைகளைக் கீழ்த்தட்டின் பின்வரிசையில் வைத்தாள். நுரையீரல் என்று எழுதி ஒட்டினால் மாட்டிக்கொள்வாள். எதுவும் எழுதாமல் வைத்தால் அதைவிடச் சீக்கிரம் மாட்டிக்கொள்வாள். அந்த ஆய்வகத்தில் எப்போதும் இருபது குடுவைக்குக் குறையாமல் குரங்குச் சிறுநீரகச் செல் இருக்கும். வைரஸ் வளர்க்க அதுதான் அன்றாடச் சோறு. கூட இரண்டு இருந்தால் யார் எண்ணப் போகிறார்கள்? நீல நாடாவைக் கிழித்து, தன் சாய்ந்த கையெழுத்தில் "குரங்கு" என்று எழுதி, தேதியும் போட்டு ஒட்டினாள். பதிவேட்டில் ஏழு வரி, ஏழு கையெழுத்து. பாட்டில்களின் அடியில் மிஞ்சும், எப்படியும் கொட்டப்போகிற மீடியத்தை மட்டும் அதற்கு ஊற்றினாள். தப்பிலும் ஒரு ஒழுங்கு வேண்டுமே.

மாப்பிள்ளையின் தொல்லை இதன் பிறகுதான் முற்றியது. மாப்பிள்ளை அங்கே ஆராய்ச்சி மாணவன். மாணவன் என்றாலும் முப்பத்து மூன்று வயது, முன்நெற்றி பாதி தலைக்கு ஏறிவிட்டது. கல்யாணம் நிச்சயமாகி இரண்டு வருடம். "மொதல்ல டாக்டர் பட்டம், அப்புறம் மத்ததெல்லாம்" என்று பெண்ணே சொல்லிவிட்டாளாம். அதிலிருந்து ஆய்வகத்தில் அவனுக்கு அந்தப் பெயர்.

அவன் ஆராய்ச்சி ஒரு ஜலதோஷ வைரஸைப் பற்றியது. வைரஸால் தானாகப் பெருக முடியாது. செல்லுக்குள் புகுந்து, ஆர்.என்.ஏ. என்கிற தன் குறிப்பை நீட்டி, இதைப் படித்து என்னைப் போல ஆயிரம் செய்து கொடு என்று கேட்கும். செல்லும் லேசுப்பட்டதல்ல. தன்னுடைய சொந்தக் குறிப்புகளின் தலையில் ஒரு தொப்பியும், முதல் எழுத்தில் ஒரு பொட்டு அளவு அடையாளமும் வைத்திருக்கும். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவே. இந்த வைரஸ் என்ன செய்கிறது என்றால், தன் புரதம் ஒன்றை வைத்துத் தன் ஆர்.என்.ஏ.வின் முதல் எழுத்திலும் அதே அடையாளத்தை ஒட்டிக்கொள்கிறது. அடையாளம் ஒட்ட முடியாதபடி அந்தப் புரதத்தைக் கெடுத்து, மாப்பிள்ளை ஒரு மொட்டை வைரஸ் செய்திருந்தான். அடையாளம் போனால் அது திணறும் என்பது அவன் கணிப்பு. மூன்று வருடம், பதினோரு சோதனை. அடையாளம் உள்ளதும் மொட்டையும் குரங்குச் செல்லில் ஒரே மாதிரி, அமோகமாகப் பெருகின.

பதினோராவது தடவைக்குப் பின் நடந்த கூட்டத்தில் அவன் கேட்டான்: "வேற செல்லுல ஒரு தடவை பாத்தா என்ன மேடம்? நுரையீரல் செல் ஒண்ணு இருந்துதே."

"அதைக் கொட்டியாச்சே. இல்லையாம்மா?"

எல்லோரும் கைராசியைப் பார்த்தார்கள். அவள் தலையாட்டினாள். வாயைத் திறக்காமல் தலையாட்டுவது பொய்யில் சேருமா என்று அன்று மாலை பேருந்தில் யோசித்துக்கொண்டே போனாள். மூன்றாவது நிறுத்தம் வருவதற்குள் சேரும் என்று முடிவாகிவிட்டது.

அதற்கு அடுத்த வாரம் அவள் ஒரு நாள் லீவு போட்டாள். இரண்டு வருடத்தில் முதல் லீவு. அவள் கணவர் பேருந்து நடத்துனர். இடது கண்ணில் புரை விழுந்து, பத்து ரூபாய்க்கும் ஐம்பது ரூபாய்க்கும் வித்தியாசம் தெரியாமல் போய், பயணிகளே இரக்கப்பட்டுத் திருத்துகிற நிலைமை வந்துவிட்டது. கண் ஆஸ்பத்திரி நடைபாதையில் காத்திருந்தபோது மாப்பிள்ளை போன் செய்தான்.

"அக்கா, இன்னைக்குக் குரங்கு வேணும். எந்த பிளாஸ்க் எடுக்கறது?"

அதே நேரம் நர்ஸ் கதவைத் திறந்து அவரைக் கூப்பிட்டாள். அவர் எழுந்து, எதிர்ச் சுவரை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

"லேபிள் பாத்து எடுத்துக்கோங்க தம்பி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஏங்க, கதவு இந்தப் பக்கம்!" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மறுநாள் காலை இன்குபேட்டரைத் திறந்ததும் கீழ்த்தட்டின் பின்வரிசைதான் கண்ணில் பட்டது. இரண்டுக்குப் பதிலாக ஒன்று இருந்தது. முன்வரிசைக் குடுவைகளை வேறு யாரோ எடுத்துவிட, அவன் கையை உள்ளே விட்டுப் பின்னால் இருந்ததை எடுத்திருக்கிறான். மைக்ரோஸ்கோப்பில் ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். குரங்குச் செல் கூழாங்கல் பரப்பியது போல இருக்கும், இது தீவு தீவாக இருக்கும். அவன் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? லேபிள் அவளுடையது.

அப்போதே சொல்லியிருக்கலாம். நாலு வாக்கியம் போதும். நாலையும் மனசுக்குள் அடுக்கிப் பார்த்தாள். முதல் வாக்கியமே "நான் கொட்டவில்லை" என்று ஆரம்பித்தது. ஏதோ கன்னாபின்னாவென்று முடிவு வரும், அவனே தூக்கிப் போட்டுவிடுவான், ஒரு வாரம் வீண், அவ்வளவுதானே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

முடிவு கன்னாபின்னாவென்று வரவில்லை. அடுத்த வாரம் மாப்பிள்ளை தாழ்வாரத்தில் கத்திக்கொண்டு ஓடி வந்தான்.

"அக்கா! செத்துப்போச்சு! மொட்டை செத்தே போச்சுக்கா!"

இவ்வளவு ஆனந்தமாக ஒரு சாவுச் செய்தியை அவள் கேட்டதில்லை. வைரஸை எண்ணுவதற்கு ஊதாச் சாயம் ஏற்றிய தட்டுகளை அவன் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். வைரஸ் தின்ற இடமெல்லாம் வெள்ளை ஓட்டையாகத் தெரியும். அடையாளம் உள்ள வைரஸின் தட்டு சல்லடை. மொட்டையின் மூன்று தட்டிலும் சேர்த்து இரண்டே ஓட்டை. சுத்தமான ஊதா.

மேடம் தட்டுகளை வெகுநேரம் பார்த்தார். "திரும்பப் பண்ணணும். நீங்க வேண்டாம், செல் வேலை முழுக்க அம்மாவே பண்ணட்டும்" என்றார்.

கைராசி செய்தாள். முன்வரிசையிலிருந்து அசல் குரங்குச் செல்லை எடுத்து, அசல் ஒழுங்கோடு செய்தாள். பழைய கதைதான், மொட்டையும் ஜாம் ஜாமென்று பெருகியது. இன்னொரு தடவையும் செய்தாள். அதே.

மேடம் தன் அறைக் கதவைச் சாத்தாமலே பேசுகிறவர். அன்றும் சாத்தவில்லை. "பதினோரு தடவை வராதது, அம்மா இல்லாத ஒரு நாள் மட்டும் வருது. அடுத்த மாசம் உங்க டாக்டர் பட்டக் கமிட்டி. நான் என்ன நினைக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

"நான் எதையும் மாத்தல மேடம். சத்தியமா."

"மாத்தினவங்களும் அதைத்தான் சொல்வாங்க. உங்க நோட்டு எல்லாத்தையும் வெள்ளிக்கிழமை காலையில எங்கிட்ட குடுங்க. பாத்துட்டுக் கமிட்டிக்கு எழுதறேன்."

மேடம் கெட்டவர் இல்லை. எதையும் நம்பாமல் இருப்பதற்காகவே மதிக்கப்பட்டவர். நம்பாமல் இருப்பது தப்பாகும் ஒரு நாள் அவருக்கு இதற்கு முன் வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை தன் மேஜையில் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் இருந்தது.

"சாப்பிடலையா தம்பி?"

"பசிக்கல. அக்கா, ஒண்ணு கேக்கறேன், சிரிக்காதீங்க. நான் கேஸை அணைச்சேனான்னு பாக்க பாதி வழியில வீட்டுக்குத் திரும்பிப் போற ஆளு. ஒருவேளை நானே ஏதாவது பண்ணித் தொலைச்சிட்டேனோ? வரணும் வரணும்னு நினைச்சு, மொட்டையை ஊத்தாமலே விட்டுட்டேனோ?"

"அப்படியெல்லாம் இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க செல்லுல ஒரு குறையும் இருக்காது, அது எனக்குத் தெரியும். அப்போ மிச்சம் இருக்கறது என் கை மட்டும்தானே?" என்றான். கையை விரித்துப் பார்த்தான். "கட்டிக்கப் போறவகிட்ட இன்னும் சொல்லல. என்னன்னு சொல்றது? பொய் சொன்னேன்னு நினைக்கறாங்க, ஆனா நான் சொன்னேனான்னு எனக்கே தெரியலன்னா?"

கைராசி நேராக இன்குபேட்டர் அறைக்குப் போனாள். பின்வரிசையிலிருந்த கடைசிக் குடுவையை எடுத்து ஹூட்டில் வைத்து, பிளீச் பாட்டிலைத் திறந்தாள். ஐந்து நிமிட வேலை. இது போய்விட்டால் பதிவேட்டின் ஏழு கையெழுத்தும் உண்மையாகிவிடும். நடந்ததை யாராலும், எந்தக் காலத்திலும் கண்டுபிடிக்க முடியாது. இருபத்திரண்டு வருடத்து லேபிள் அப்படியே நிற்கும். மாப்பிள்ளையின் பெயர்தான் நிற்காது. பாட்டிலைச் சாய்த்த கை பாதியில் நின்றது. குடுவையைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தாள். உடனே மேடத்தின் அறைக்கும் போகவில்லை. உறையைக் கழற்றினாள், கையை இரண்டு தடவை கழுவினாள், வீட்டுக்குக் கிளம்பினாள்.

வீட்டில் கணவர் கறுப்புக் கண்ணாடி போட்டு, நாற்காலியில் ஒரு துப்பறிவாளரைப் போல உட்கார்ந்திருந்தார். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து. அவர் தலையைப் பின்னால் சாய்க்க, அவள் இமையை விரித்துப் பிடித்தாள்.

"ஏம்மா, மருந்து காதுக்கா கண்ணுக்கா?"

"அசையாம இருங்க."

"நான் அசையல. உன் கைதான் ஆடுது. கைராசின்னு ஊரே சொல்ற கை. என்ன ஆச்சு?"

அவள் சொன்னாள். மருந்து பாட்டிலைக் கையில் பிடித்தபடியே, நுரையீரலில் ஆரம்பித்து மாப்பிள்ளையின் திறக்காத சாப்பாட்டு டப்பா வரைக்கும் சொன்னாள். வைரஸ் எதற்கு அடையாளம் ஒட்டிக்கொள்கிறது என்பதை மட்டும் அவர் இரண்டு தடவை சொல்ல வைத்தார்.

"புரிஞ்சுபோச்சு. அது வித்தவுட் ஆள். ஆனா பாஸ் வச்சிருக்கறவன் மாதிரியே ஒரு சீலைக் குத்திக்கிட்டு ஏறுது."

"ஆமா. சீல் குத்தற மெஷினையே கூடக் கொண்டு வருது."

"கில்லாடிதான்! உங்க மாப்பிள்ளை அந்த மெஷினைப் பிடுங்கிட்டாரு."

"ஆமா."

"பிடுங்கின பிறகும் அது குரங்கு பஸ்ஸுல ஜாலியா போயிட்டு வருதா? அப்போ அந்த பஸ்ஸுல கண்டக்டரே இல்லம்மா. நான் இல்லாத வண்டியில சீல் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு அவர் மூக்கில் விழுந்தது.

அவளுக்கு அது தெரியும். ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும். சாதாரணமாக ஒரு செல், அடையாளம் இல்லாத ஆர்.என்.ஏ.வைக் கண்டால் இன்டர்ஃபெரான் என்ற ஒரு பொருளைக் கசியவிட்டு அக்கம்பக்கத்தை உஷார்ப்படுத்தும். திருடன் என்று கத்துவது மாதிரி. குரங்குச் சிறுநீரகச் செல்லுக்கு அதைச் செய்யும் திறன் எப்போதோ தொலைந்துவிட்டது. வைரஸ் அதில் சுலபமாக வளர்வதும் அதனால்தான், எல்லோரும் அதையே வளர்ப்பதும் அதனால்தான். தினம் கைகழுவுகிற தொட்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்று யோசிக்காத மாதிரி, இத்தனை நாளாக யாருமே அதை யோசிக்கவில்லை.

"நுரையீரல் செல்லுக்குக் கத்தத் தெரியுமா?" என்று கேட்டார் அவர்.

"தெரியும்."

"அப்போ அந்தத் தம்பி பொய்யும் சொல்லல, தப்பும் பண்ணல. அவர் சொன்னதுதான் சரி."

"அவர் சொன்னதுதான் சரி" என்றாள் மெதுவாக. குழப்பத்தைத்தான் மறைத்து வைத்திருக்கிறோம் என்று அவள் இரண்டு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தாள். மறைத்து வைத்திருந்தது விடையை.

"சொன்னா வேலை போகுமா?"

"தெரியல. லேபிள் போயிடும். இனிமே நான் எழுதினா யாரும் நம்பமாட்டாங்க."

அவர் முப்பத்தோரு வருடம் மக்களை அவரவர் இறங்க வேண்டிய இடத்தில் இறக்கிவிட்டவர். இறங்கு என்று யாரையும் தள்ளியதில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து ஆடாமல் நிறுத்தி, தன் கண்ணுக்கு மேலே கொண்டுவந்தார்.

"இப்ப விடு. நேரா விழும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை மாப்பிள்ளை நோட்டுக் கட்டோடு மேடத்தின் எதிரில் நின்றபோது, கைராசி குடுவையோடு உள்ளே போனாள். அடுக்கி வைத்திருந்த நாலு வாக்கியமும் வரவில்லை. குடுவையை மேஜையில் வைத்து, "இது குரங்கு இல்ல மேடம்" என்றாள்.

மேடம் லேபிளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"இது நீங்க கொட்டச் சொன்ன நுரையீரல். நான் கொட்டல. கொட்டினேன்னு கையெழுத்துப் போட்டேன். யாருக்கும் தெரியக்கூடாதுன்னு இப்படி எழுதி ஒட்டினேன். நான் லீவு போட்ட அன்னைக்குத் தம்பி எடுத்தது இதோட ஜோடியை. தம்பி மேல ஒரு தப்பும் இல்ல."

மேடம் குடுவையை எடுத்துக்கொண்டு எழுந்துபோய் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். குனிந்த தலை நிமிரவே இல்லை.

"இன்டர்ஃபெரான்" என்றார் கடைசியில், கண்ணை எடுக்காமலே. "குரங்குச் செல்லுக்கு அது கிடையாது. மொட்டைக்கு அங்க என்ன பயம்? முதல் வருஷப் பரீட்சையில வருஷா வருஷம் நான் கேக்கற கேள்வி இது." நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. யார்மேல் கோபம் என்று அவருக்கே தீர்மானமாகவில்லை போலிருந்தது. முதலில் மாப்பிள்ளையிடம் திரும்பினார்.

"நான் உங்களைச் சந்தேகப்பட்டது தப்பு. அதைக் கமிட்டி முன்னாடியும் சொல்றேன்."

அவன் நோட்டுக் கட்டை மார்போடு அணைத்தபடி நின்றான்.

"ஆனா செல்லைப் பாக்காமலே சோதனை பண்ணியிருக்கீங்க. அதையும் சொல்லுவேன்." பிறகு கைராசியிடம்: "இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கு?"

"இது ஒண்ணுதான் மேடம்."

"அதை நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அந்தக் கேள்வி கத்தலாக வந்திருந்தால் தாங்கியிருப்பாள். மேடம் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போல, தணிந்த குரலில் கேட்டார்.

ஆய்வகம் மூன்று வாரம் நின்றது. இன்குபேட்டரிலும் உறைபெட்டியிலும் இருந்த ஐம்பத்து மூன்று வகைச் செல்லும் இன்னதுதான் என்று சரிபார்க்க வெளியே அனுப்பப்பட்டன. பதிவேட்டில் ஏழாவது வரிக்கு எதிரே, நடந்ததை நடந்தபடி சிவப்பு மையில் அவளே எழுதினாள். ஆறு மாதத்துக்கு அவள் மேல் ஒரு குறிப்பும் கோப்பில் ஏறியது. யாரும் அவளைக் கைராசி என்று கூப்பிடவில்லை. வேறு என்னவென்று கூப்பிடுவது என்றும் தெரியாமல் "இந்தாங்க" என்றார்கள். மாப்பிள்ளை அதுவும் சொல்லவில்லை. எதிரே வந்தால் சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு அறிவிப்பை ஊன்றிப் படித்தான்.

ஐந்தாம் நாள் அவளே போய் அவன் மேஜை அருகில் நின்றாள். "கோபம்னா திட்டிடுங்க தம்பி."

"ரெண்டு வாரம் பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களே" என்றான். "சாப்பிடலையான்னு வேற கேட்டீங்க."

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள், இன்குபேட்டர் அறைக்குத் திரும்பினாள்.

முடிவுகள் வந்தன. ஐம்பத்து மூன்றும் லேபிளில் இருந்தபடியே இருந்தன. மேடம் தாளைப் புரட்டிவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஆனாலும் இனிமே ஒவ்வொரு லேபிளுக்கும் ரெண்டாவது ஆள் பாத்துக் கையெழுத்துப் போடணும். சரி, அடுத்தது?" என்றார். சரியாக இருப்பது வேறு, நம்பப்படுவது வேறு என்பதை அவ்வளவு சுருக்கமாக யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அவளுக்கு அது நியாயமாகவே பட்டது. நியாயமாகப் பட்டதால் வலிக்காமல் போய்விடவில்லை.

அடுத்தது, மாப்பிள்ளையின் சோதனை. நுரையீரல் செல்லில், முறைப்படி, நாலு தடவை. கடைசிக் குடுவையிலிருந்து அவள் எட்டுக் குடுவை வளர்த்திருந்தாள். எட்டிலும் நீல நாடா, சாய்ந்த எழுத்தில் "நுரையீரல், பெண், 41". கீழே இரண்டாவது கையெழுத்துக்கு ஒரு கோடு.

முதல் நாள் காலை அவன் உறையை மாட்டிக்கொண்டு வந்தான். ஒரு குடுவையை எடுத்தான். லேபிளைப் படித்தான். பேனாவைத் திறந்து கோட்டின் மேல் வைத்தான்.

"அக்கா சொன்னா சரிதான்" என்றான். நாலு வாரத்துக்குப் பிறகு முதல் அக்கா.

அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட அவளுக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பது அவளுக்குத்தான் தெரியும். கையை நீட்டிக் குடுவையின் மேல் வைத்தாள்.

"பாக்காம போடாதீங்க தம்பி."

"நான் நம்பறேன்க்கா."

"அதனாலதான் சொல்றேன். பாருங்க."

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். பேனாவை மூடினான். குடுவையை மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்து, குனிந்து, வெளிச்சத்தைக் கூட்டினான். அவள் போகவில்லை. பக்கத்தில் நின்றாள். இத்தனை வருடத்தில் அவள் செல்லை இன்னொருவர் சரிபார்த்து முடிக்கும்வரை காத்திருந்ததில்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"தீவு தீவா இருக்கு" என்றான் அவன், தலையைத் தூக்காமல். "எல்லாம் ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டு இருக்கு."

"ம்."

அவன் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அடுத்த குடுவைக்குக் கையை நீட்டினான். அவள் எடுத்துக் கொடுத்தாள்.